ஐந்தாவது தராசு

பெங்களூர்
4.6.1969

அக்காவுக்கு,

உன் இன்லண்ட் கடிதம் கிடைத்தது. ஊர் வரைக்கும் வந்தவன் வீட்டுக்கு வராமல் போனான் என்று அரைப்பக்கம் திட்டியிருக்கிறாய். வந்தது உண்மை. அன்று ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு விடுமுறை. உன் முதலாளி மகன் இராமகிருஷ்ணன் விருதுநகர் ரயிலடிக்கே கார் கொண்டுவந்தான். தராசு வைக்க இடம் குறித்துக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே ரயிலேறிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் நீ கல்யாணப் பேச்சை எடுப்பாய், நான் எதையாவது சொல்வேன், நீ அழுவாய். அதற்கு வராமல் இருப்பதே மேல் என்று தோன்றியது.

உன் முதலாளி மகனோடு எனக்கு என்ன சகவாசம் என்று கேட்டிருந்தாய். மதுரைக் கல்லூரியில் நாங்கள் ஒரே அறை. அவனுக்கு ஒரு தலைவலி. காலையில் நீங்கள் எல்லோரும் காகிதக் குழல் சுருட்டுகிறீர்கள். மத்தியானத்துக்கு மேல் உங்களில் பாதிப் பேர் வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் போக வேண்டும். யார் போவது என்று போர்மேன் சங்கிலிமுத்து கைகாட்ட, வேண்டாதவர்களையே உள்ளே அனுப்புகிறான் என்று சித்திரையில் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்தீர்கள். "யாரும் கைகாட்டாம ஆள் பிரிக்க ஒரு வழி சொல்லுடா" என்று இராமகிருஷ்ணன் எனக்கு எழுதினான். என்னிடம் வழி இருந்தது.

இங்கே நாங்கள் ஆராய்வது டெலிபோன் இணைப்பு. ஊரில் என்றால் ஓர் ஆப்பரேட்டர் உட்கார்ந்து கம்பியை இந்தத் துளையில் பிடுங்கி அந்தத் துளையில் செருகுவாள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேச வந்தால் என்ன செய்வாள்? போன வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கட்டுரை, ஆளே வேண்டாம் என்கிறது. ஒவ்வொரு அழைப்பும் தான் போக வேண்டிய இடத்தின் எண்ணைச் சுமந்து வருகிறது. எண்களை இரண்டிரண்டாக ஒப்பிடு. சிறியது மேல் கம்பியில் போகட்டும், பெரியது கீழ்க் கம்பியில் போகட்டும். அடுத்த சந்திப்பில் வேறு இரண்டு. எல்லா ஜோடியும் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசை முடிந்து, ஒவ்வொன்றும் தன் வாசலில் வந்து நிற்கும். நடுவில் எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. அதுதான் அதன் அழகு.

கம்பிக்குப் பதில் ஆட்களை வைத்து இதை உங்கள் மேசையில் ஓட்டிப் பார்க்கிறேன். அது என் ஆராய்ச்சி அறிக்கையில் வரும். மேசைக்கு நாலு பேர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, காலையில் நீங்கள் சுருட்டிய குழல் தட்டுகளைத் தராசில் வைப்பார்கள். கனமான தட்டுக்காரி இடப்பக்கம், இலேசான தட்டுக்காரி வலப்பக்கம். கடைசியில் இடமிருந்து முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் குழல் வேலையில் இருப்பார்கள். மற்ற இருவர் உள்ளே. கட்டுரைப்படி நாலு பேருக்கு ஐந்து தராசு வேண்டும். ஐந்தாவதற்கு மற்றவை முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்குள் முடியாது என்று இராமகிருஷ்ணன் இழுத்தான். முதல் ஆளும் கடைசி ஆளும் எப்படியும் சரியாக வந்துவிடுவார்கள். நாலு போதும் என்று விட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

சோலையம்மாள் விஷயம். அக்கா மகள் எனக்கு முறை, இல்லை என்று சொல்லவில்லை. என் சைக்கிள் சக்கரத்தில் காலை விட்டுக் குதிகால் கிழிந்து, தையல் போடும்போது என் கையைக் கடித்தவள்தானே. ஆனால் அவள் பட்டாசுக் கம்பெனி வாசலை மிதித்தாள் என்று தெரிந்தால் அப்புறம் கல்யாணம் என்ற வார்த்தையையே என்னிடம் எடுக்காதே. இங்கே என் மேலதிகாரியின் மனைவி எல்லோருக்கும் கை கொடுக்கிறாள். அலுமினியப் பொடி ஏறிய கையை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்?

ஊர்க்காவலன்


திருத்தங்கல்
17.6.1969

தம்பி ஊர்க்காவலனுக்கு அக்கா சின்னத்தாய் எழுதுவது,

உன் தராசு வந்துவிட்டது. முதல் நாள் பெண்கள் எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், இனி சங்கிலிமுத்து மூஞ்சியைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டாம் என்று. என் தம்பி செய்தது என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நீதான் வீட்டுப் பக்கமே வராதவன் ஆயிற்றே.

பத்து நாளாக நான் உள்ளே போகிறேன். வெயில் ஏறித் தகரம் கொதிக்கிற நேரத்தில்தான் மருந்து அறைக்குள் விடுகிறார்கள். பொடி மூக்கில் ஏறினால் நெஞ்சைப் பிசைகிறது. இருமி முடிக்கும்போது எச்சிலே வெள்ளியாக வருகிறது. உன் படிப்புக்காகத் தீப்பெட்டி ஒட்டிய காலத்தில் இருந்த நெஞ்சு இல்லை இது, தம்பி. நான் முணுமுணுத்தது சங்கிலிமுத்து காதில் விழுந்துவிட்டது. "நாஞ் சொன்னா கோவிச்சீகள்ல, இப்ப தராசு சொல்லுது, போங்க" என்கிறான். உன் சிநேகிதனிடமும் போய் நின்றேன். "நான் யாரையும் அனுப்பலைக்கா. தராசுல்ல அனுப்புது" என்றார். "தராசை வச்சது யாரு மொதலாளி" என்று கேட்டேன். காரில் ஏறிவிட்டார்.

எங்கள் மேசையில் முதல் இடம் பஞ்சம்மாள். அவள் கைக்கு ஈடு கிடையாது. பக்கத்தில் இரண்டாவது இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பெயர் சொர்ணலட்சுமி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பேரேட்டில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பஞ்சம்மாளுக்கு அடுத்த கை அவளுடையதுதான். மூன்றாவது இடத்தில் நான். எனக்குப் பக்கத்தில் மூக்கம்மாள், அவளுக்குக் கண் மங்கிவிட்டது, என்னைவிட மெதுவு. பஞ்சம்மாளும் அந்தப் பெண்ணும் வெளியே இருப்பார்கள், நானும் மூக்கம்மாளும் உள்ளே போவோம். நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உன் தராசுக்கு நெஞ்சு வலி தெரியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சோலையம்மாள் வீட்டில்தான் இருக்கிறாள். தையல் பழகுகிறாள். கம்பெனி வாசல் கிழக்கா மேற்கா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

சின்னத்தாய்


பெங்களூர்
26.6.1969

அக்காவுக்கு,

நீ எழுதியதை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நாளையிலிருந்து பஞ்சம்மாளுக்குப் பக்கத்தில், இரண்டாவது இடத்தில் நீ உட்கார். அந்தப் புதுப் பெண்ணை உன் இடத்துக்குப் போகச் சொல். காலையில் யார் எந்த இடத்தில் உட்காருவது என்று விதி ஒன்றும் கிடையாது, கேட்டுவிட்டேன். இதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம். வேலையை முன்னைவிட வேகமாகச் செய்யவும் வேண்டாம். நீ உள்ளே போக மாட்டாய்.

ஏன் என்று கேட்காதே. யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக இராமகிருஷ்ணனிடம். செப்டம்பரில் என் அறிக்கை போகிறது. அதுவரை ஏற்பாடு சலசலப்பில்லாமல் ஓட வேண்டும். ஓடினால் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு இருக்கிறது. அந்தப் பெண் இடம் தர முரண்டு பிடித்தால் ஓர் அதட்டு போடு. தாய் தகப்பன் இல்லாதவள்தானே, கேட்க யார் வரப்போகிறார்கள்?

சோலையம்மாள் போட்டோ ஒன்று அனுப்பு. நான் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது.

ஊர்க்காவலன்


திருத்தங்கல்
20.7.1969

தம்பிக்கு,

நீ மந்திரவாதிதான். இடம் மாறி உட்கார்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட நான் உள்ளே போகவில்லை. இருமல் குறைந்துவிட்டது. போன வாரம் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றேன்.

அதட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கேட்டவுடன் அந்தப் பெண் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கைத் தட்டி எனக்கு விரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனால் எனக்குப் பதில் இப்போது அவள் உள்ளே போகிறாள், தினமும். அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவள் தட்டு என் தட்டைவிடக் கனம். நேற்று சங்கிலிமுத்து அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இரண்டையும் நானே தூக்கிப் பார்த்தேன். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே கனம். அப்படியிருக்க அவள் எப்படி எனக்குக் கீழே போவாள்? நகக்கண்ணெல்லாம் வெள்ளி ஏறிவிட்டது அவளுக்கு. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "நா எம் பழைய எடத்துக்கே வந்துர்றேன் தாயி" என்று சொன்னேன். "ஒங்க நெஞ்சு மொதல்ல கொணமாகட்டும், பேசாம அங்கனயே இருங்க" என்கிறாள்.

கணக்குத் தெரிந்தவன் நீ. அவளும் வெளியே இருக்கிற மாதிரி ஒரு வழி சொல். சின்னப் பிள்ளை, பதினேழு வயதுதான் இருக்கும்.

சிவகாசி ஸ்டுடியோவில் எடுத்த சோலையம்மாள் போட்டோ இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுது.

சின்னத்தாய்


பெங்களூர்
2.8.1969

அக்காவுக்கு,

போட்டோ வந்தது. பெண் வளர்ந்திருக்கிறாள், முகம் நம் அம்மா ஜாடை. ஆனால் ஏன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ் பிடித்தவள் மாதிரி நிற்கிறாள்? கை தெரியும்படி இன்னொன்று எடுத்து அனுப்பு. உன்னை நம்பாமல் இல்லை. உன் ஊரை நம்பவில்லை.

உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதே. நகர்ந்தால் மறுநாளே நீ உள்ளே போவாய், இதைமட்டும் தெரிந்துகொள். நாலு பேரில் இரண்டு பேர் போயே ஆக வேண்டும். நீ இல்லையென்றால் இன்னொருத்தி. அவள் தட்டு கனமா இலேசா என்று தூக்கிப் பார்க்கிற வேலை உனக்கு எதற்கு? யார் பெற்ற பிள்ளையோ. அவளுக்கு இளவயது, தாங்குவாள். அவளுக்காக நீ இருமிச் சாக வேண்டும் என்றால் சொல், அதற்கும் ஒரு வழி எழுதுகிறேன்.

ஊர்க்காவலன்


திருத்தங்கல்
25.8.1969

தம்பிக்கு,

போட்டோ எடுக்கக் கொஞ்சம் பொறு. கையில் மருதாணி வைத்துக்கொண்டு திட்டுத்திட்டாக நிற்கிறாள். போகட்டும், எடுத்து அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி அதே இடத்தில்தான் இருக்கிறேன். சீசன் சூடு பிடித்துவிட்டது, ஆர்டர் மேல் ஆர்டர். மருந்து அறையில் நாலு பேர் உட்காருகிற இடத்தில் இப்போது எட்டுப் பேர். ஒரு விஷயம் கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் ஐந்தாவது தராசு ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை வைத்தால் அந்தப் புதுப் பெண் வெளியே வருவாளா? வருவாள் என்றால் செப்டம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு வரி உன் சிநேகிதனுக்கு எழுது. நான் இதுவரை உன்னிடம் எனக்காக எதுவும் கேட்டதில்லை. இதையும் எனக்காகக் கேட்கவில்லை.

சின்னத்தாய்


பெங்களூர்
22.9.1969

அக்காவுக்கு,

பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் இராமகிருஷ்ணன் டிரங்க் கால் போட்டுச் சொன்னான். மருந்து அறை வெடித்தது, நாலு பேர் போய்விட்டார்கள், அதில் இருவர் உன் மேசைக்காரிகள், மூக்கம்மாள், சொர்ணலட்சுமி. உன் பெயர் இல்லை என்பதை மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். உனக்கு இருந்த கலவரத்தில் எழுத முடியாமல் இருந்திருக்கும். நானாகவே எழுதுகிறேன்.

ஏன் என்று கேட்காதே என்றேன் அல்லவா? இப்போது சொல்கிறேன், உன் உயிர் எதனால் நிற்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். முதல் சுற்று பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள். அதில் பஞ்சம்மாளிடம் நீ தோற்றாய். அந்தப் பெண் மூக்கம்மாளை வென்றாள். இரண்டாம் சுற்றில் வென்றவளையும் வென்றவளையும் ஒரு தராசில் வைப்பார்கள். அவள் பஞ்சம்மாளிடம் தோற்று மூன்றாம் இடத்துக்குப் போனாள். தோற்றவளையும் தோற்றவளையும் இன்னொரு தராசில் வைப்பார்கள். நீ மூக்கம்மாளை வென்று இரண்டாம் இடத்தில் நின்றாய். உன்னையும் அந்தப் பெண்ணையும் ஒரு தராசில் யாரும் வைக்கவே இல்லை. அதைச் செய்வதுதான் ஐந்தாவது தராசு.

கெட்டிக்காரிகள் இருவர் எந்தெந்த இடத்தில் உட்காரலாம் என்று பார்த்தால் ஆறு வகை. நாலு தராசில் அதில் நாலு வகை தப்பாகும். இருவரும் ஒரே ஜோடியாக இருந்தால் மட்டும் சரியாக வரும். பஞ்சம்மாள் பக்கத்தில் இருந்தவரை அந்தப் பெண் வெளியே இருந்தாள். இது எனக்குத் தராசு வைக்கும் முன்பே தெரியும். பிழை இருக்கிறது என்று எழுதினால் அறிக்கை அங்கேயே நின்றிருக்கும். பிழையை வைத்தே உன்னைக் காப்பாற்றினேன். அவளைப் பற்றி வருத்தம்தான். ஆனால் உனக்கோ எனக்கோ அவள் யார்?

என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச்சில் வெளிநாடு. தை பிறந்ததும் சோலையம்மாளுக்கு நாள் பார். கை தெரிகிற போட்டோ வேண்டாம், உன் வார்த்தை போதும். ஐந்தாவது தராசு வைக்கச் சொல்லி நானே பிறகு பக்குவமாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு.

ஊர்க்காவலன்


திருத்தங்கல்
20.10.1969

ஊர்க்காவலனுக்கு,

சொர்ணலட்சுமி என்று ஒருத்தி கிடையாது. அது சோலையம்மாள்.

உன் முதல் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அவள் கம்பெனியில் சேர்ந்தாள். பெங்களூர் மாப்பிள்ளை முன்னால் பழஞ்சேலையோடு போய் நிற்க மாட்டேன் என்று அவளாக வந்தாள். பட்டாசு வேலை என்றால் நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும், உன் சிநேகிதன் மூலம் உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வேறு பெயர் கொடுத்தோம். தாய் இல்லை என்று நான்தான் எழுதச் சொன்னேன். மேசையில் என்னை அவள் அம்மா என்று கூப்பிட்டதில்லை. வெளியே வந்து பஸ் ஏறிய பிறகு கூப்பிடுவாள். போட்டோவில் கையைப் பின்னால் கட்டச் சொன்னதும் நான்தான். மருதாணி பொய். இடத்தைத் தா என்று கேட்டதும் நான்தான்.

சனிக்கிழமை நாலு பேரையும் கித்தானில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. உன் சைக்கிள் கிழித்த குதிகால் தழும்பு அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். எம் மக என்று விழுந்தேன். சங்கிலிமுத்து பேரேட்டைப் புரட்டிப் பார்த்தான். "சொர்ணலட்சுமிக்கு ஆத்தா இல்லைன்னுல்ல போட்டிருக்கு. பொணத்துக்கு ஆரு வேணும்னாலும் ஒறவு சொல்லிட்டு வருவீகளோ" என்றான். பஞ்சம்மாள் வந்து தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்த பிறகுதான் தந்தார்கள். மறுநாள் மத்தியானம் வரை என் பிள்ளை அங்கேயே கிடந்தாள்.

உன்னைமட்டும் சொல்ல மாட்டேன். இரண்டு தட்டையும் தூக்கிப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நான் உட்கார்ந்திருக்கிற இடம்தான் அவளை உள்ளே தள்ளுகிறது என்று. எழுந்து பழைய இடத்துக்குப் போயிருக்கலாம். நீயும் நகராதே என்று எழுதினாய். அவளும் இருங்க என்றாள். எனக்கும் இருக்கத் தோன்றியது. நெஞ்சு வலிக்காமல் இருந்தது, ஊர்க்காவலா. அது எவ்வளவு சுகம் என்று உனக்குத் தெரியாது.

கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. உன் சிநேகிதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துவிட்டது. அழுவார் என்று நினைத்தேன். "இதை வேற யாருக்கும் காட்டுனீகளாக்கா" என்று கேட்டார். இல்லை என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எல்லா மேசைக்கும் ஐந்தாவது தராசு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் குறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பத்து நிமிஷம்.

வெடித்த அறைக்குப் பதில் பக்கத்திலேயே புதிதாகத் தகரம் போட்டு மருந்து வேலை நடக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை, வடக்கே போக வேண்டிய லோடு காத்திருக்கிறது. எங்கள் மேசைக்கு இரண்டு புதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் நான் உட்காருவதில்லை. ஒரு பெண்ணுக்கு நல்ல வேகம், சோலையம்மாள் அளவுக்கு இல்லை, ஆனால் என்னைவிட வேகம். ஐந்தாவது தராசில் அவளையும் என்னையும்தான் வைக்கிறார்கள். தினமும் அவள் பக்கம்தான் இறங்குகிறது.

உன் கணக்கு இப்போது சரியாக வருகிறது. பஞ்சம்மாள் முதல், அந்தப் பெண் இரண்டாவது, நான் மூன்றாவது. தையில் கல்யாணம் வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். நீ வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொள், நல்ல கையாகப் பார். எனக்கு இனி எழுதாதே, எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

இதைக் கம்பெனியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. தட்டை எடுத்துக்கொண்டு தராசுக்குப் போக வேண்டும்.

சோலையம்மாளின் தாய்
சின்னத்தாய்